ஈஜிபுராவில் நான் நிமிர்த்திய கட்டடம்

என் கேமராவுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்த அக்காவுக்கு ஈஜிபுராவில் சொந்தமாக ஒரு சின்ன வீடு. கீழே தையல் மிஷினும் அடுப்படியும், மேலே ஒரே ஓர் அறை. அவரும் மகளும் மட்டும். பக்கத்து சைட்டில், இருபதுக்கு முப்பது அடி மண்ணில், எவனோ ஒரு மகாராசன் நான்கு மாடி எழுப்பினான். மூன்றாவது மாடி ஏறும்போதே அது அக்கா வீட்டுப் பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. இரண்டு சுவருக்கும் நடுவே முன்பெல்லாம் கை நுழையுமாம். நான் போய்ப் பார்த்தபோது மேல்பக்கம் விரல்கூட நுழையவில்லை. விழுந்தால் நேரே அந்த மாடி அறை மேல்தான் விழும். அங்கேதான் அம்மாவும் மகளும் படுக்கிறார்கள்.

அக்கா சும்மா இருக்கவில்லை. போனில் பதினோரு படம் எடுத்துக்கொண்டு மாநகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். அங்கிருந்த இன்ஜினியர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில், "நோடிம்மா, போன்ல எடுத்தா எல்லா பில்டிங்கும் சாஞ்சுதான் தெரியும். லென்ஸ் அப்படி. சும்னே டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நேரில் வந்து பாருங்கள் என்றால், வருகிறேன் வருகிறேன் என்பாராம். ஆபீஸிலிருந்து அந்தச் சந்து நடந்து போகிற தூரம்தான். காலில் என்ன ஆணியா அடித்து வைத்திருக்கிறது?

இதைக் கேட்டதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! அந்த மனிதர் சொன்னதில் பாதி நிஜம், அதனால்தான் கோபம். போனை அண்ணாந்து பிடித்தால் ஒழுங்கான கட்டடமும் மேலே குறுகி, சரிந்த மாதிரிதான் விழும். என் வியூ கேமராவில் அந்த வம்பே கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஃபிலிம் ஷீட் போடுகிற பெட்டி அது. பின்பக்கத்தை நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டு, முன்னால் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினால் போதும். மாடி முழுக்க வரும், சுவர் இருக்கிறபடியே நிற்கும்.

"அக்கா, இதுக்கு மேல அந்த ஆளு என்ன சாக்கு சொல்றாருன்னு பாத்துடலாம்" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முதுகை ஒட்டிக்கொண்டு ஸ்டாண்டை விரித்தேன். அதற்குப் பின்னால் ஓரடி நகர இடமில்லை. அதனால் என்னிடம் இருந்ததிலேயே அகலமான வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டேன். துணிக்குள் தலையை விட்டால், கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் சந்து முழுவதும் தலைகீழாகத் தொங்குகிறது. இந்த மாதிரி லென்ஸில் கண்ணாடியின் நடு மட்டும்தான் வெளிச்சம், ஓரமெல்லாம் கும்மிருட்டு. நடுவில் பளிச்சென்று அந்த நான்கு மாடி. அக்கா வீடு இருட்டு ஓரத்தில் எங்கேயோ.

இருபது வருடமாக நான் பில்டர்களுக்குப் படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன். கண்ணாடியில் கோடு போட்டிருக்கும், கட்டடத்தின் விளிம்பைக் கோட்டோடு ஒட்ட வைப்பேன், அதுதான் தொழில். அன்றைக்கும் விளிம்பு கோட்டோடு ஒட்டவில்லை. கை தானாகப் போயிற்று. கேமராவைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்து, விளிம்பைக் கோட்டில் உட்கார வைத்துத் திருகாணியை இறுக்கிவிட்டேன். வெளியே தலையை எடுத்துப் பார்த்தால், கேமராவின் ரசமட்டத்தில் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பழைய ரசமட்டம், சனியன், ஒட்டிக்கொண்டுவிட்டது என்று விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். கட்டடம் கோணல் என்று நிரூபிக்கப் போனவன், கட்டடத்தை நம்பிவிட்டுக் குமிழியைச் சந்தேகப்பட்டேன். என்னை எதால் அடிப்பது?

ஃபிலிமைக் கழுவிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்தேன். என்ன துல்லியம், என்ன துல்லியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செங்கல்லைப் பார்த்தவன் படத்தைப் பார்க்கவில்லை.

அக்காவோடு நானும் ஆபீஸுக்குப் போனேன். போன் படம்தான் சரியும், இது புரொஃபஷனல் கேமரா, சரியவே சரியாது என்று ஒரு பாடமே எடுத்தேன். இன்ஜினியர் பிரிண்ட்டை மேசையில் விரித்து, ஒரு ஸ்கேலை எடுத்து நான்கு மாடியின் விளிம்பில் வைத்தார். பிறகு அக்கா வீட்டு வாசல் நிலையில் வைத்தார்.

"சார், இந்த பில்டிங் நேராதானே நிக்குது? சாஞ்சிருக்கிறது இவங்க வீடு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். "இது கேமரா கோணல் சார், தப்பு என்னுது" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் சிரித்தார். "போன் போட்டோவப் பத்தி இப்போ நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க. புரொஃபஷனல் போட்டோ, புரொஃபஷனல் கேமரான்னு சொன்னீங்க. இப்போ அதுவும் பொய்யா?"

நல்லா இருக்கே நியாயம்! உண்மையைச் சொன்ன பதினோரு படத்தை மனிதர் நம்பவில்லை, பொய் சொன்ன ஒன்றை உடனே நம்பிவிட்டார். நம்புவதற்குத் தோதாக ஒரு பொய் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதை ஷீட் ஃபிலிமில் அழகாக எடுத்து, உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அடுத்த நாளே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அக்கா வீட்டு மாடியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, புது ரசமட்டம் வாங்கி வைத்து, மறுபடி எடுத்தேன். குண்டின் நூல் நேராக, அக்கா வீடு நேராக, அந்த நான்கு மாடி ஒரு முழம் சரிந்து. குழந்தை பார்த்தால்கூடப் புரியும். இன்ஜினியர் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. "ஃபைல் மேல போயிடுச்சு சார். ரெண்டுமே நீங்க எடுத்ததுதானே, எதை நம்புறது?" என்றார். அந்த உறையை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்போல் இருந்தது. விட்டெறியவில்லை. மேலதிகாரிக்கு எழுதினேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன், நேரில் போய் நின்றேன். பார்க்கிறோம் என்றார்கள்.

அவர்கள் பார்த்தது அக்கா வீட்டுக் கதவைத்தான். கட்டடம் பாதுகாப்பில்லை, காலி செய்யவும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கூடவே என் முதல் படத்தின் ஜெராக்ஸ். பக்கத்தில் அந்தச் சரிந்த நான்கு மாடியில் டு-லெட் பலகை மாட்டி, இரண்டு வீட்டுக்கு ஆளும் வந்துவிட்டது.

அக்காவும் மகளும் கிளம்புகிற அன்று போயிருந்தேன். பொம்மனஹள்ளியில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருந்தார்கள். தையல் மிஷினை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். கேஸ் போடலாம் அக்கா, வக்கீல் இருக்கிறார், புதுப் படம் இருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"விடுங்க தம்பி. நீங்க படம் எடுக்காம இருந்திருந்தா என் வீடு நேரா நின்னிருக்கும்."