துரை வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை

“எனக்க பிள்ளைக்கு வெள்ளைக்காரன் வேஷம் வேண்டாம்க்கா. கடைசில தோத்து ஓடுறவன்லா அவன்?”

வேஷத்துணியை வாடகைக்கு விடும் தொழிலில், வருஷம் முழுக்க வரவேண்டிய வசவெல்லாம் சுதந்திர தின நாடகம் நடக்கும் ஆகஸ்டில் மொத்தமாக வந்துவிடும். மேடைக்குப் பிள்ளையை அனுப்பி அவஸ்தைப்பட்டவர்களுக்கு என் பாடு புரியும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் கதர் வேட்டிக்கும் குதிரை ராணியின் வாளுக்கும் அடிதடி நடக்கும். துரையின் கோட்டு மட்டும் பாச்சை உருண்டை வாசனையோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் கத்தியது எங்கள் தெரு பாங்க்காரரின் மனைவி. எல்லாருமே தியாகி என்றால் யாரிடமிருந்து சுதந்திரம் வாங்குவது என்று கேட்டேன். மகனுக்குக் கதர்க் குல்லா வைத்து அழகு பார்த்தபடி சொன்னாள்: “அது டீச்சருக்க பாடு.”

கென்யாவுக்கு என்ன உடுப்பு?

அந்த டீச்சர் சகாயமேரி, மணவாளக்குறிச்சிப் பெண். தனியார் பள்ளியில் தற்காலிக வேலை. வழக்கமான நாடகம் போதாதென்று கென்யா, வியட்நாம், அல்ஜீரியா என்று அடிமைப்பட்ட தேசங்களையெல்லாம் மேடையேற்றப் போகிறாளாம். நன்றாக முடிந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வேறு ஆள் பார்ப்போம் என்று பள்ளி மேனேஜர் சொல்லிவிட்டார்.

கான்வென்ட்டில் எனக்கு இங்கிலாந்து ராஜாக்களை வரிசையாக ஒப்பிக்கக் கற்றுத்தந்தார்கள். கென்யாக்காரன் என்ன உடுத்துச் சண்டை போட்டான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கோ தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் சோறு இறங்காது. அவளை இழுத்துக்கொண்டு ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன். வியட்நாம் விவசாயியின் ஓலைத்தொப்பியை எங்கள் சந்தையிலேயே செய்யச் சொல்லிவிடலாம். கென்யா படத்தில் சடைமுடியோடு காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைக் கண்டதும் சகாயமேரி திரையருகே குனிந்தாள். “இவங்களும் கோட்டுதான் போட்டிருக்காங்க, பாத்தியளா?”

காக்கிக்குக் கிராக்கி

போலீஸ் உடுப்பு மட்டும் கேட்ட உடனே போய்விடும். மகளுக்காக அதை வாங்க வந்த ஆட்டோக்காரர், இவள் மேடையில் யாரை அடிக்கவேண்டும் என்று விசாரித்தார். ஊர்வலம் போகிறவர்களை என்றாள், உடுப்பு எடுக்க வந்திருந்த டீச்சர். அதெப்படி, போலீஸ் நம் ஆள்தானே என்றார். இங்கே மட்டுமில்லை, அல்ஜீரியாவிலும் கென்யாவிலும் துரை உத்தரவு போட, அந்தந்த ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் அடித்தார்கள் என்று அவள் விளக்கினாள்.

மனிதர் காக்கிச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பம் துரைக்குக் கையே வலிச்சிருக்காது, என்னா?”

அயர்லாந்து சிஸ்டர்

எனக்கு இங்கிலீஷ் எடுத்த சிஸ்டர் அயர்லாந்துக்காரி. வகுப்பில் தமிழ் பேசினால் ஸ்கேலால் அடிப்பாள். ஒருநாள் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி, இங்கிலாந்துக்காரனை எங்கள் ஊரிலும் சண்டை போட்டுத்தான் விரட்டினோம் என்றாள். வெள்ளைக்காரியை வெள்ளைக்காரன் ஆண்டானா என்று அன்று முழுக்க எனக்கு மண்டை குடைந்தது. இதைச் சொன்னதும் டீச்சர் அயர்லாந்தையும் நாடகத்தில் சேர்த்துவிட்டாள்.

அதற்கு உடுப்பு? இருந்த ஒரே கோட்டிலிருந்து துரையின் தக்கைத் தொப்பியை எடுத்துவிட்டுத் துணித் தொப்பி ஒன்றை மாட்டினேன். கதர்க் குல்லா தொளதொளவென்று கண்ணை மறைக்கிறதென்று பாங்க்காரர் மனைவி மறுபடி வந்தாள். கோட்டு யாருடையது என்றாள். அயர்லாந்துத் தியாகி என்றேன். மகனுக்கு அங்கேயே மாட்டிவிட்டாள். கேட்டது ஒன்றே ஒன்று: “இவன் ஜெயிச்சிருவான்லா?”

மிச்சமிருந்த தொப்பி

நாடகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சகாயமேரி போன் பண்ணினாள். எல்லா தேசமும் தயாராம், துரைதான் இல்லையாம். “நாளைக்கு மேனேஜர் முன் வரிசையில இருப்பாருக்கா. எனக்க வேலை போயிரும்.”

முன்னறை நிறைய அம்மாமார். கோட்டு அயர்லாந்துக்குப் போய்விட்டது. தக்கைத் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். “ரெண்டே வரி வசனம். வாடகை வேண்டாம். யாராவது பிள்ளை தலையில இதை வையுங்களேன்.”

பாதி உலகத்தை ஆண்டவரின் தொப்பிக்கு ஒரு தலை கேட்டேன், அத்தனை பேரும் அவரவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.