முடிச்சில்லாத உடுப்பு

மால்சுனின் வாயைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தேகு நகரத்துச் சந்தைக்குள் போய், நூடுல்ஸ் கடைகள் இருக்கிற சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாவைத் திரட்டிக் கத்தியால் அரிந்துகொண்டே எதிர்க் கடைக்காரியோடு ஒரு சண்டை, சாப்பிட வந்தவனோடு ஒரு சண்டை, நடுவில் கைபேசியில் புருஷனோடு ஒரு சண்டை என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள். கிண்ணத்தில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் தொலைந்தோம். "என்ன, மாமியார் வீட்டு விருந்தா? வழிச்சுக் குடிச்சுட்டுப் போ" என்பாள். குடித்துவிட்டுத்தான் போவோம்.

அந்த வாய்க்கு ஈடு கொடுத்த ஒரே ஆள் அவள் புருஷன் பான்கில். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல நெட்டை. வேலையை விட்டாலும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதும் "அடுத்த நிறுத்தம் குளியலறை, வழி விடுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் போவார்.

அந்தப் பிப்ரவரியில் கொரோனா எங்கள் ஊரைப் பிடித்தது. எதற்கும் மூடாத சந்தையை இழுத்து மூடினார்கள். மால்சுனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டே அறை உள்ள வீட்டில் விடிந்தது முதல் படுக்கிறவரை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, எல்லாம் சண்டைதான். முகக்கவசம் வாங்க மருந்துக்கடை வாசலில் குளிரில் கால் மரத்துப்போகிறவரை நின்றால், கிட்டே போகும்போது தீர்ந்துவிட்டது என்பார்கள்.

ஒருநாள் பான்கில் அலமாரியைக் குடைந்து சணல் துணிக் கட்டை வெளியே எடுத்தார். செத்தால் போட்டு அனுப்புகிற கடைசி உடுப்பு இருவருக்கும் தைக்கவென்று, சணலுக்குப் பேர்போன ஆந்தோங் ஊரிலிருந்து மால்சுன் வரவழைத்து வைத்திருந்த துணி. வயது ஏறினால் அதைத் தைத்து மடித்து வைத்துவிட வேண்டும். வைத்தால் ஆயுசு கெட்டி. ஆனால் கண்ட மாதத்தில் ஊசி எடுக்கக் கூடாது. நிலாக் கணக்கைச் சரிக்கட்டச் சில வருஷத்துக்கொரு முறை நுழைகிற கூடுதல் மாதத்தில்தான் தைக்க வேண்டும். அந்த மாதத்தில் கெட்டதுகளுக்குக் கண் தெரியாது. இந்த வருஷம் அது மே கடைசியில் பிறக்கப்போகிறது.

"சும்மாதானே கெடக்க, இப்பவே தைச்சுடேன்" என்றார் பான்கில்.

"யோவ், கூடுதல் மாசம் வரட்டும். இப்ப தைச்சா எமன் அளவெடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"அது வர்றப்ப கடையைத் தெறந்துடுவாங்க. நீ மாவு பெசையப் போயிடுவ. நான் பொறந்த மேனிக்குப் போய் நிக்கணும். அங்க எங்கம்மா இருக்கா, என்னைப் பாத்தா உன்னைப் பத்தி என்ன நெனைப்பா?"

"உங்கம்மா என்னைப் பத்தி எப்பய்யா நல்லதா நெனைச்சா?"

ஆனாலும் மனிதர் விடவில்லை, நச்சரித்துக்கொண்டே இருந்தார். சும்மா இருந்த கையும் அவளுக்கு அரித்தது. ஒரு காலையில் துணியை விரித்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவருடையது. தொடங்கிய அன்றே பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும், நூலில் முடிச்சு போடக் கூடாது, ஊசி வந்த வழியே திரும்பக் கூடாது. முடிச்சு விழுந்தால் போகிற உயிர் போகாமல் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். அதையெல்லாம் பிசகாமல் செய்தாள். மாதம் ஒன்றைத்தான் மீறினாள்.

மேலங்கி முடிந்ததுதான் தாமதம், பான்கில் அதைத் தூக்கி மாட்டிக்கொண்டார். அவர் கை நுழைத்த வேகத்தில் தோள்பட்டைத் தையல் பிரிந்தது. முடிச்சில்லாத தையல் வேறு எப்படி இருக்கும்? அப்படியே கூடத்தில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"அடுத்த நிறுத்தம் சுடுகாடு! எறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க!"

மால்சுன் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் முதுகில் ஒன்று வைத்தாள். "கழட்டுய்யா! உசுரோட போட்டுப் பாக்குற உடுப்பா இது?"

அடுத்த வாரமே அவருக்கு இருமல் வந்தது.

நடுவில் ஒரே சட்டியை வைத்து, இருவரும் கரண்டி விட்டுக் குழம்பு குடித்துப் பழகிய வீடு அது. அன்றைக்கு மால்சுன் அவருக்குத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தாள். பான்கிலுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷம் உன் எச்சிலைத்தானே குடிச்சேன்? இப்ப நான் என்ன தீண்டத்தகாதவனா?" என்று உள்ளேயிருந்து கத்தினார். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அதுதான் முதல்தடவை.

சோதனையில் அவருக்கு நோய் என்று வந்தது, அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லை, படுக்கை காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஊரே அப்படித்தான் காத்துக் கிடந்தது. மால்சுன் ஓயாமல் போன் அடித்தாள், கெஞ்சினாள், திட்டினாள். கதவுக்கு அந்தப்பக்கம் பான்கில் மூச்சு விடுகிற சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் தலையைத் திருப்பி, "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டார். "அணைச்சாச்சு, போய்ட்டு வா" என்றாள்.

மறுநாள் மால்சுனிடம் போனில், "இங்க எதுலயும் உப்பே இல்ல, இன்ஹோ அம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் பேசினார்கள். இன்றைக்கே எரித்துவிட வேண்டும், சடங்கை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மால்சுன் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாத காவலில் இருந்தாள். மகன் இன்ஹோ இஞ்சோன் நகரத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தான். அவள் உடுப்பு மூட்டையை வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கதவிடுக்கு வழியாகச் சொன்னாள்.

"தோள்பட்டையைத் திரும்பத் தைச்சிருக்கேன்டா, பாத்துப் போடச் சொல்லு. பொறந்த மேனிக்கு அனுப்பிடாதீங்கடா. வெக்கப்படுவாரு."

"சரிம்மா."

"கெஞ்சிக் கேளு. கால்ல விழு."

விழுந்தான், பாவம். நடக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அவரை இரட்டைப் பையில் போட்டு ஒட்டிவிட்டார்கள், அதை யாரும் திறக்கக் கூடாது. பெட்டிக்குள் உடுப்பைப் பைக்கு மேலாக வைக்கிறோமே என்றதற்கும் கூடாது என்றார்கள். பொழுது சாயும்போது இன்ஹோ திரும்பி வருவதை மால்சுன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு கையில் சாம்பல் கலசம், மறு கையில் மூட்டை. கட்டிக் கொடுத்த கட்டுகூட அவிழவில்லை.

அழுதாள் என்று சொன்னால் போதாது. "நாந்தான்டா கொன்னேன்! மாசம் பொறக்கிறதுக்கு முன்னால ஊசி எடுத்தேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

"கிருமி மாசம் பாத்தா வருது? சும்மா இரும்மா" என்று கதவுக்கு வெளியே நின்று அவனும் அழுதான். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

சந்தையைத் திறந்தார்கள். மால்சுனும் கடையைத் திறந்தாள். மிச்சம் வைத்தவர்களை இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பேசாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மே கடைசியில் கூடுதல் மாதம் பிறந்தது. ஒருநாள் கடையை மூடிவிட்டு, விடிந்ததும் உட்கார்ந்து தன் உடுப்பைத் தைத்தாள். முடிச்சில்லை, திரும்பின ஊசி இல்லை, பொழுது சாய்வதற்குள் முடிந்தது. இன்ஹோவைக் கூப்பிட்டு இரண்டு உடுப்பையும் எதிரே வைத்தாள்.

"நான் போனா முதல்ல இதைப் போட்டு விடு. அதுக்கு மேல உங்கப்பாவோடதைப் போட்டு விடு."

"அவரு உடுப்பு உனக்கு எங்கம்மா சேரும்? கை முட்டி வரைக்கும் தொங்கும்."

"தொங்கட்டும். நான் போட்டுக்கவா கேட்டேன்? கொண்டுபோய்க் குடுக்கணும்டா. பெட்டியில தனியா வெக்க விடமாட்டேன்னாங்கல்ல, உடம்புல போட்டிருந்தா எவன் புடுங்குவான்?" தோள்பட்டைத் தையலைத் தடவி நேராக்கினாள். "அந்த ஆஸ்பத்திரிப் பையோட நின்னுக்கிட்டிருப்பாரு, அதுவும் அவங்கம்மா முன்னால. என்னைத் திட்டிக்கிட்டிருப்பாரு. முடிச்சு போடலைல்ல, இழுத்தா வந்துடும். போன உடனே கழட்டிக் குடுத்துடுறேன்."

இன்ஹோ இரண்டையும் ஒன்றாக மடித்து அலமாரியில் வைத்தான்.