இரண்டாவது பொட்டலம்

அன்றைக்குக் கோயிலில் இருந்தது மொத்தம் ஆறு பேர். அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை, பூசை செய்யும் பண்டாரம், ஏழு வயதில் நான். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று நேற்றுகூட அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அம்மனையும் சேர்த்தால் ஏழு. சேர்க்கத்தான் வேண்டும், அவளிடம் கேட்கத்தானே போயிருந்தோம்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் சிநேகிதருக்கு அத்தையைக் கொடுக்கலாமா, வேண்டாமா? நல்ல இடம். குறை என்று பார்த்தால் மாப்பிள்ளை அத்தையைவிட ஒரு விரல்கடை குட்டை. பெண் பார்க்க வந்த அன்று ஏதோ சாக்குச் சொல்லி இருவரையும் கதவோரம் நிற்க வைத்து அப்பா அளந்துவிட்டார். அன்றைக்கு மாப்பிள்ளை சட்டையில் காப்பியைக் கொட்டிக்கொண்டதும், டம்ளரைத் தானே எடுத்துப்போய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு, “உங்களுக்கு வேல வெச்சுப்போட்டனுங்க” என்று அத்தையிடம் சொன்னதும் யார் கணக்கிலும் வரவில்லை. ஒரு மாதமாக வீட்டில் பேச்சு அந்த விரல்கடையைத் தாண்டவில்லை. கடைசியில், சிங்காநல்லூரில் எங்கள் வீதி மாரியம்மன் கோயிலில் பூ கேட்பது என்று முடிவானது.

பூ கேட்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலமாகவும் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மற்றதை யாரும் பிரிப்பதில்லை. அதில் என்ன இருக்கும் என்றுதான் தெரியுமே.

குழந்தை என்று என்னைப் பிடித்ததுதான் தப்பு. தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பரீட்சையில் சரியான விடையை எழுதி, அடித்து, தப்பை எழுதி, அதையும் அடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் வேறு காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அந்த அடித்தல்களுக்கும் அதில் பங்கு உண்டு. இப்படிப்பட்டவள் கையில் ஒரு கல்யாணத்தைக் கொடுத்திருந்தார்கள்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே பின்தங்கி நடந்தாள்.

“கண்ணு, எதைய வேணா எடு. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் தொடோணும். இன்னொண்ணு பக்கம் கையே போகக்கூடாது. அம்பது ரூவா தாரேன்.”

“செவப்பு வந்துட்டா?”

“வந்தாலும் தாரேன்.”

பண்டாரத்துக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். கறுப்புக் கண்ணாடியோடு அவர் தீபாராதனை காட்டியதில் அம்மனே கொஞ்சம் மிரண்டது போலத்தான் இருந்தது. சித்தப்பா வாங்கி வந்த அரளித் தட்டை அத்தையிடம் நீட்டி, “எனக்கு வெள்ளையும் செவப்பும் ஒண்ணாட்டந் தெரியுது. நீயே மடிச்சுக் குடு அம்மணி” என்றார். அத்தை தூண் பக்கம் திரும்பி நின்று மடித்துக் கொடுத்தாள். அவர் இரண்டையும் அம்மன் காலடியில் போட்டார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். அம்மா பிரித்தாள். வெள்ளை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தப்பா, “நாஞ் சொன்னனுங்கள்ள?” என்று மூன்று முறை சொன்னார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் காரியம் முடிந்துவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை. சிவப்பு நிஜமாகவே இன்னொன்றில்தான் இருக்கிறதா? அங்கே அது இல்லையென்றால் இந்த வெள்ளைக்கு என்ன மதிப்பு? தாழ்ப்பாளைத் தொடுகிற மாதிரி ஒரே ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று குனிந்து பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

“இதுலயும் வெள்ளைதானுங்ப்பா!” என்று நல்ல சேதி போலக் கத்தினேன்.

பண்டாரம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “ஆத்தா ரெண்டு உத்தரவா குடுத்திருக்கறாளுங்க” என்றார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“என்றா பண்ணி வெச்சிருக்கறே?”

“ஆத்தா சத்தியமா நானில்லீங்ணா! பூ வாங்கியாந்ததோட செரி.”

“உன்ற சிநேகிதனுக்காவ சாமிகிட்டயே ஏமாத்து வேலையா? இந்த எடமே வேண்டாம். இப்பவே போன் போட்டுச் சொல்லிப்போடு.”

மடித்தது அத்தை என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் பார்வைகூட அவள் பக்கம் போகவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் அதில் ஒரு ஆசை இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றாததால் அவள் கையும் கண்ணில் படவில்லை. கறுப்புக் கண்ணாடி என்னவோ பண்டாரத்துக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

சித்தப்பா போனை எடுத்து எண்களை அழுத்தினார். நான் அழ ஆரம்பித்தேன். அப்போது அத்தை இடது கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் கசங்கிய செவ்வரளி.

“சின்னண்ணனைத் திட்டாதீங்ணா. நாந்தான் ரெண்டுலயும் வெள்ளையே வெச்சேன்.”

அப்பா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். “புடிச்சிருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன அம்மணி?”

“சாமியக் கேக்க வந்தீங்க. சோசியரைக் கேட்டீங்க. கதவோரம் நிக்க வெச்சு அளந்துகூடப் பாத்தீங்க. என்னைய ஆராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

“அப்ப மறுக்கா மடிக்கோணுமுங்களா?” என்றார் பண்டாரம்.

அப்பா அம்மனைக் கும்பிட்டுவிட்டு, “வேண்டாமுங்க” என்றார். பிறகு சித்தப்பாவிடம், “போன் போட்டுட்டயா?”

“ரிங் போகுதுங்ணா. கட் பண்ணிரட்டுங்களா?”

“எதுக்குடா? தேதி கேளு.”

கல்யாணம் நடந்தது. போட்டோவைக் கூர்ந்து பார்த்தால் மாமா குதிகாலைத் தூக்கி நிற்பது தெரியும். அம்மனை ஏமாற்றி நடந்த கல்யாணமாயிற்றே என்று நான்தான் வருஷக்கணக்காகப் பயந்தேன். பவானியில் ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்று டிவியில் சொன்னால் உடனே அத்தைக்குப் போன் செய்வேன். ஆனால், எதை எடுத்தாலும் ஐம்பது ரூபாய் என்று அவள் அன்று ஏன் சொன்னாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லாவற்றையும் இரண்டாம் தரம் பிரித்துப் பார்க்கிறவளுக்கு அந்தப் பேச்சைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பணத்தைக் கேட்டால், “ஒண்ணுதான் தொடச் சொன்னேன், நீ ரெண்டத் தொட்டுப்போட்டே” என்கிறாள் அத்தை. தொட்டிராவிட்டால் சம்மதம் சொன்னது அம்மன்தான் என்று இன்றுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் கட்சி. பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது, ஐம்பது ரூபாய்.