ஃபால்ட் ஸ்லிப்

என் அப்பா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கும் என் வேலை ஒன்று, நான் செய்யும் வேலை வேறொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி டம்ளரைக் கொடுத்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

"நம்ம பாப்பா வெளிநாட்டுக்காரனுக்கு ஃபால்ட் பாக்குதுங்க. ஊட்டுலருந்தேதான்."

"அப்படீங்களா! நல்ல வேலைங்க."

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் வீரபாண்டியில் ஃபால்ட் என்றால் துணியில் இருக்கும் குறை. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி ஒடிந்து விழுந்த கோடு. ரோலை வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே என்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதி ரோலோடு கட்டிவிடுவார்கள். அந்தச் சீட்டுதான் ஃபால்ட் ஸ்லிப். நான் போனில் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்வதை அப்பா கேட்டிருக்கிறார். முப்பது வருடம் பனியன் துணி ஓட்டியவர் வேறு என்ன நினைப்பார்? பலமுறை திருத்திப் பார்த்தேன். அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

என் ஃபால்ட், பூமிக்குள் பாறை பிளந்து நிற்கும் இடம். அந்தப் பிளவின் இரண்டு பக்கமும் உரசி நழுவுவது ஸ்லிப். சட்டென்று நழுவினால் நிலநடுக்கம். சில இடங்களில் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் மெல்ல நழுவும். அந்த மெல்லிய நழுவலைக் கடலின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுவது என் வேலை. அலைகளால் நிலம் எந்நேரமும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. நம் காலுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அந்த அதிர்வு பாறை வழியே போகும் வேகம் துளி மாறினாலும், உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பக்கமாகப் போகும் அலையின் அழுத்தம் ஆழ்கடலின் அடி வரை போகாது. எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் சந்தித்தால்தான் போகும். இதை வைத்து யாரும் கவிதை எழுத வேண்டாம், இது வெறும் இயற்பியல்.

கடலை நான் முதன்முதலாகப் பார்த்ததே இருபத்துமூன்று வயதில். படித்து முடித்து ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். கீழே அண்ணனின் நிட்டிங் மெஷின்கள் ஓடும், மாடியில் நான். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் விசைகளுக்கு நடுவே பஞ்சு படிந்திருக்கும். ஊதிவிட்டு உட்காருவேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணமும் இல்லை. உறவுக்காரர்களுக்கு நான் முடிந்துபோன பேச்சு.

தனிமை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள், கீழே மெஷின் ஓட்ட வந்த ஒடிசாப் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம், தெருவெல்லாம் வண்டி. ஆனால் நாள் முழுக்க என் தலைக்குள் ஓடுவதில் ஒரு வரியைக்கூடச் சொல்ல ஆளில்லை என்றால் அதற்கு வேறென்ன பெயர்?

ஆள் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். ஏதோ ஒரு குளிர்நாட்டில், கடலோர ஊரில், தனியாக இருந்துகொண்டு பாடம் நடத்துகிறார். பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே கணக்கைத்தான் செய்துவந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மெஷின்கள் நின்றிருக்கும் நேரத்தில், திரையில் வருவார். "சொல்லு பிள்ள" என்பார். சமன்பாட்டில் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். வீட்டு விஷயம், உடம்பு விஷயம் எதுவும் பேசியதில்லை. உலகத்தில் என் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் அவர்தான். திங்கள் முதல் சனி வரை அந்த மூன்று மணிக்காகவே ஓட்டினேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

சென்ற ஆடியில் பழைய கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: 'சத்தம் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருகிறது என்று கொள்வோம்.' எழுதியவள் நான். சும்மா பார்ப்போமே என்று, பருவக்காற்றோடு அலை வரும் திசையும் மாறுவதாக வைத்துக் கணக்கைத் திரும்ப ஓட்டினேன். நாங்கள் மூன்று கட்டுரைகளில் நழுவல் என்று எழுதியிருந்தது அப்படியே காணாமல் போயிற்று. மறுபடி ஓட்டினேன், இல்லை. பிளவில் எதுவும் நகர்ந்திருக்கவில்லை. கடல் திசை மாறியிருந்தது, அவ்வளவுதான். பதினோரு வருடமும் ஒரு 'கொள்வோம்' மேல் நின்றிருந்தது.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் எனக்குத் தோன்றியது அது இல்லை. இதை அக்காவிடம் சொன்னால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது.

தினமும் சாயங்காலம் அப்பா கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டார்.

"இன்னிக்கு எத்தன ஃபால்ட்டு கண்ணு?"

வழக்கமாக ஒண்ணும் இல்லீங்க என்பேன். அன்று, "ஒண்ணு இருக்குதுங்ப்பா" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்னதா, பெருசா?"

"முழு ரோலும் போச்சுங்க."

"ஸ்லிப் எழுதிட்டியா?"

"இல்லீங்க. எழுதினா வேலை நின்னுரும்."

அப்பா குறை மறைத்த துணியை அனுப்பிய ஆளே இல்லை. ஊசிக்கோட்டை மறைத்ததற்காக ஒருவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர். என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப எழுதாத சாமி. யாரு பாக்கப் போறாங்க? விடு."

நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. என் வேலையைத் தவிர எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவர் சொன்னபடியே விட்டேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றும் தெரியாதவளைப் போல அக்காவோடு நான்காவது கட்டுரைக்குக் கணக்குப் போட்டேன். பொய்யென்று தெரிந்த கணக்கை அக்கறையாகத் திருத்துவது எவ்வளவு கேவலம் என்று அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன். ஆறாவது ஞாயிறு அவர் "சொல்லு பிள்ள" என்றதும் சொல்லிவிட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த 'கொள்வோம்' வரிதான? தெரியும் பிள்ள. போன வருசமே பாத்துட்டேன்."

"ஏனுங்க்கா சொல்லல?"

"சொல்லிட்டா அப்பறம் ஞாயித்துக்கெழம நீ என்னத்துக்கு வரப்போற?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் உட்கார்ந்து, எங்கள் கட்டுரைகளில் எது தவறு, ஏன் தவறு என்று ஒரு திருத்தம் எழுதினோம். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் வெளிச்சம் போகும்வரை பேச்சு. நாங்கள் எழுதியதிலேயே சுத்தமான எழுத்து அதுதான். அனுப்பி வைத்தோம்.

மறு ஞாயிறும் மூன்று மணிக்கு இருவரும் வந்தோம்.

"என்ன சாப்ட்ட?" என்றார் அக்கா. அதுவரை கேட்காத கேள்வி.

"தக்காளிக் குழம்புங்க்கா. நீங்க?"

"ரொட்டி."

அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். இங்கே மழை உண்டா என்று கேட்டார். அப்பாவின் உடம்பைப் பற்றிக் கேட்டார். உங்களுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்து, இத்தனை வருடம் கழித்து எப்படிக் கேட்பது என்று நிறுத்திக்கொண்டேன். பத்து நிமிடத்தில் இருவரும் திரையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அந்தப் பத்து நிமிடமும் இல்லை. மழையில் ஆரம்பித்து மழையிலேயே முடித்துக்கொண்டோம்.

மூன்றாவது ஞாயிறு இரண்டரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. கல்லூரி வேலை இருக்கிறது, இந்த வாரம் வேண்டாம் பிள்ள என்று. படித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இன்று பேச வேண்டியதில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அன்று மதியம் உட்கார்ந்து அழுதேன்.