சந்தனம் வைத்த சக்கரம்

கம்ப்யூட்டர் மவுஸுக்குச் சந்தனம் வைத்தவன் நான். முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஆயுத பூஜையன்று கிண்ணத்தில் சந்தனமும் மனதில் பக்தியும் கொஞ்சம் அதிகமாக இருந்தன. முன்னால் துருத்திக்கொண்டிருந்த சின்னச் சக்கரத்தைப் பார்த்ததும், ஓடுகிற பாகம் இதுதானே என்று தோன்றிவிட்டது. லாரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல அதற்கும் தாராளமாகக் குழைத்து வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காததுதான் பாக்கி. அந்த மவுஸ் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. வாங்கும்போது வெள்ளை, இப்போது பழைய வெற்றிலைக்காரரின் பல் நிறம். வாலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். வேறு எதையோ தேடும்போதெல்லாம் இதுதான் கைக்கு வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் வாஷ்பேசினும் கம்மோடும் செய்கிற ஒரு சிறிய செராமிக் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்பது மூன்று மேஜைகள். ஒன்று என்னுடையது, ஒன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளியுடையது, ஜன்னலோரத்தது டைப்பிஸ்ட் சாருடையது. மண் அரைக்கிற கொட்டகை பக்கத்திலேயே இருந்ததால் வெள்ளைத் தூசி எல்லாவற்றின் மேலும் படியும். காலையில் கறுப்பு முடியோடு உள்ளே போகிறவன் சாயங்காலம் அறுபது வயதுக்காரனாக வெளியே வருவான். கடலூரில் நாற்பது நாள் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த சான்றிதழ் என்னிடம் இருந்ததால், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கிய கம்ப்யூட்டருக்கு நானே டாக்டர், நானே பூசாரி.

டைப்பிஸ்ட் சாருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். மனைவி இறந்து இரண்டு வருஷம். ஒரே மகள், கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். ஜங்ஷனுக்குப் பின்னாலிருந்த தெருவில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு, மனுஷன் நிமிர்ந்துதான் நடப்பார். டைப் அடிப்பதில் அவருக்கு ஆசாரம் உண்டு. கடிதம் அடுத்த பக்கத்துக்குப் போகிறதென்றால், முதல் பக்கத்தின் அடியில் வலது மூலையில் இரண்டு புள்ளி வைத்து '2' என்று அடித்தே தீரவேண்டும். அந்த அடையாளம் இல்லாத தாளை அவர் முடிந்துபோன கடிதம் என்றே எடுத்துக்கொள்வார். "அடியில நம்பர் இல்லன்னா அடுத்த தாளு இல்லன்னு அர்த்தம் சார். கவர்மெண்டே அப்புடித்தான் நடக்குது" என்பார்.

மகளிடம் பேச அவர் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் அவள் கூப்பிடுவாள். அந்த வீட்டார் ஐந்து பேரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுற்றி நிற்பார்கள். 'நல்லா இருக்கியா', 'நல்லா இருக்கேன்', 'சாப்டியா', 'சாப்டேன்' என்பதற்கு மேல் அந்தச் சபையில் எதைப் பேசுவது? அதனால் தீபாவளி சமயத்தில் நான் அவருக்கு ஈமெயில் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டெலிபோன் லைனில் இன்டர்நெட் இணைத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். டைப்பிஸ்ட் சாருக்கு விசைப்பலகை பத்து விரலிலும் வரும், மவுஸைத் தொட மட்டும் கூச்சம். நானே கடிதத்தைத் திறந்து வைப்பேன். "நடுவுல இருக்கிற சக்கரத்த உருட்டுங்க சார், கீழ போவும்" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். பிறகு எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வேன். பிறர் கடிதத்தைப் படிக்காதவன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அந்த நாகரிகத்துக்குப் பதிலாக நான் கொஞ்சம் அநாகரிகமாக இருந்திருக்கலாம்.

ஏனென்றால் சக்கரம் அதற்குள் பழுதாகியிருந்தது. கீழே உருட்டினால் திரை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி மேலேயே போய் நின்றது. முதலாளி கூட ஒருநாள் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னய்யா இது, மாடு தலையாட்டுற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டுது? நாப்பது நாள் என்னத்தய்யா படிச்ச?"

அதன்பின் நான் செய்த வைத்தியத்தைச் சொன்னால் உங்களுக்கு என்மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். மவுஸின் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். ஒரு சுற்றுக்கு மூன்று வரி நகரவேண்டும் என்று அமைப்பில் இருந்ததை ஆறாக்கினேன், ஒன்றாக்கினேன், மறுபடி மூன்றாக்கினேன். மவுஸுக்கான டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வைரஸ் என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரையே மொத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றினேன். அதில் கம்பெனியின் கொட்டேஷன் கடிதங்கள் அத்தனையும் போயின, சக்கரம் மட்டும் அப்படியே தலையாட்டியது. அந்த மவுஸைத் திறந்து பார்க்கலாம் என்பது ஒன்றுதான் தோன்றவில்லை. சுற்றிலும் ஒரு திருகாணியும் கண்ணில் படாததால் அது திறக்கவே முடியாத பொருள் என்று நினைத்திருந்தேன். என் வேலைக்கு நான் திரையின் ஓரத்துப் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டேன். அதை டைப்பிஸ்ட் சாருக்குச் சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பது அரைகுறைகளின் குணம்.

அவர் சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். கடிதம் உதறிவிட்டு நிற்கும். அடியில் '2' இல்லை. ஆகவே முடிந்தது. அப்பாவிடம் டைப் கற்றுக்கொண்ட பெண் என்பதால் அவளும் பத்திக்குப் பத்தி நாலைந்து வரி இடம் விடுவாள். அந்தச் சின்னத் திரையில், விளம்பரமெல்லாம் போக, முதல் பத்தி மட்டும் லட்சணமாக வந்து நிற்கும். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"பேரு கூட போடல பாருங்க சார். 'இப்படிக்கு'ன்னு ஒரு வார்த்த கெடையாது. வெளிநாடு போனா இதெல்லாம் மறந்துடுமா?"

நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கலாம். வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னேன்: "ஈமெயில்ல அதெல்லாம் போட மாட்டாங்க சார். பேரு மேலயே தானா வந்துடும்."

சான்றிதழ் வைத்திருப்பவன் சொன்னால் அப்புறம் என்ன? அவர் தன் மேஜைக்குப் போய், பதிலை முதலில் டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்து, நகலைக் கோப்பில் சேர்த்துவிட்டு, அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பார். இங்கே நலம். மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது. கால் வலி பரவாயில்லை. இப்படிக்கு, உன் அன்புள்ள அப்பா.

அவள் உண்டாகியிருக்கும் செய்தி ஒரு கடிதத்தின் முதல் வரியிலேயே வந்தது. அன்று மனுஷன் ஆபீசுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். தை மாதத்தில் ஒருநாள், கம்பெனியில் ஒதுக்கி வைத்திருந்த செகண்ட்ஸ் சரக்கிலிருந்து ஒரு கம்மோடைத் தேர்ந்தெடுத்தார். பளபளப்பில் ஓர் ஊசிமுனைப் புள்ளி தவிர அதில் குறை இல்லை. வைக்கோல் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்துப்போனார். தெருவில் ஒருவர், "என்னா சார், முட்டி வலியா?" என்று கேட்டாராம். என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்.

"வயித்துப் புள்ளக்காரி குத்த வெச்சு ஒக்கார முடியுமா சார்? அதான் போட்டு வெச்சிருக்கேன்."

"வரேன்னு எழுதியிருக்காங்களா சார்?"

"எழுதல. அதப் பத்தி ஒரு வார்த்த எழுத மாட்டேங்குறா."

"நீங்க கூப்புடுங்களேன்."

"பொம்பள இல்லாத வூட்டுக்கு, தலப் பிரசவத்துக்கு வாடின்னு எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு நான் கூப்புடுறது? யாரு பாத்துக்குவாங்கன்னு அவ மாமியாரு கேட்டா என்னா சொல்லுவேன்? அவளா கேக்கட்டும் சார். கேட்டா ஆளு வெச்சிப் பாத்துக்குவேன், லீவு போட்டுப் பாத்துக்குவேன். அவளா கேக்கணும்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அந்தச் சக்கரத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. காலையில்தான் முதலாளியிடம் மறுபடி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மதியம் டைப்பிஸ்ட் சார் வழக்கம்போல் கடிதத்தைப் படித்து, உருட்டி, பெருமூச்சு விட்டு, பதில் அடிக்கத் தன் மேஜைக்குப் போனார். ஆத்திரத்தில் நான் மவுஸைக் கவிழ்த்துப்போட்டு நகத்தால் அதன் வயிற்றுச் சீட்டைச் சுரண்டினேன். சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது திருகாணி. ஒரே ஒரு திருகாணி. திறந்தேன். உள்ளே சக்கரத்தின் பல்லிடுக்குகளைத் தாண்டி ஒரு சின்ன வெளிச்சம் போய்வரவேண்டும், அதைக் கொண்டுதான் எத்தனை சுற்று என்று எண்ணுகிறது. அந்த இடுக்குகளில் ஆபீஸ் தூசியும் என் சந்தனமும் குழைந்து காய்ந்து, சூளையில் வைக்காத குறையாக இறுகிப்போயிருந்தன. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். ஆறு மாதம் கழித்தும் வாசனை இருந்தது.

மூடி, செருகி, உருட்டிப் பார்த்தேன். திரையில் அவர் மகளின் கடிதம் அப்படியே இருந்தது. அது அமைதியாகக் கீழே இறங்கியது. வெள்ளை இடத்தைத் தாண்டியது. பிறர் கடிதம் படிக்காதவன் படித்தேன்.

'அப்பா, நாலு தடவை கேட்டுட்டேன். அம்மா இல்லாட்டியும் நம்ம வீட்டுக்கே வரட்டுமான்னு கேட்டதுக்கு நீங்க ஆத்துல தண்ணி போறதைப் பத்தி எழுதறீங்க. உங்களுக்குக் கஷ்டம்னு புரியுது. இனிமே கேக்க மாட்டேன். அத்தைக்கு டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வாரம் இங்க வராங்க. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. இப்படிக்கு, உங்கள் அன்பு மகள்.'

ஜன்னலோரத்தில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வரி முடிகிற மணி அடித்தது. "சார்" என்றேன். "கீழ இருக்குது சார்."

அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார், தேதி வரிசையில். திறந்துகொடுத்தேன். இந்தத் தடவை வாசலுக்குப் போகத் தோன்றவில்லை, அங்கேயே நின்றேன். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்துலயும் 'இப்படிக்கு' போட்டிருக்கா சார்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நல்ல சேதி சொல்கிற குரல்.

"என்னா ஆயிருந்துச்சு சக்கரத்துக்கு?"

"தூசி சார். மண்ணு தூசி" என்றேன். மீதியை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன்.

அன்றுதான் முதல்முறையாக அவர் டைப்ரைட்டரில் அடிக்காமல், கார்பன் இல்லாமல், நேரடியாகக் கம்ப்யூட்டரில் பதில் எழுதினார். அதன்பின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்குப் பேசிவிட்டு வந்தார். "ஏழு மாசம் முடிஞ்சிடுச்சாம். ப்ளேன்ல வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். அவ மாமியாரு நல்லவங்கதான்" என்றார். அரைகுறையாக டைப்ரைட்டரில் நின்றிருந்த தாளை உருவி, அதையும் கோப்பில் சேர்த்தார். அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் 'இப்படிக்கு' வரை உருட்டுவார், அதையும் தாண்டி உருட்டுவார், திரை நகராமல் நின்ற பிறகும் விரல் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருக்கும்.

நான் அடுத்த வருஷம் சென்னைக்கு வந்துவிட்டேன். புது மவுஸ் வாங்கியிருந்ததால் பழையதை யாரும் கேட்கவில்லை, எடுத்து வந்தேன். ஒரு நாள் அவரிடம் சந்தனத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைத்தேன். ஐந்து பொங்கல் நினைத்த பிறகு அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். மகள் வந்திருந்தாள். கம்மோடு அங்கேயே இருந்தது, அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது. இடையில் அவள் ஊருக்கு வந்தபோதெல்லாம் திட்டக்குடியில் மாமியார் வீட்டில் தங்கி, இங்கே காலையில் வந்து மாலையில் திரும்பியிருக்கிறாள். சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்ததும் பையிலிருந்து மவுஸை எடுத்து அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, சந்தனம், வாசலில் நின்ற நாகரிகம், 'ஈமெயில்ல பேரு போட மாட்டாங்க' என்ற தீர்ப்பு, உள்ளங்கையில் மறைத்தது. அவள் திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இப்போது என் மகன் புனேயில் இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறான். கீழே ஏதாவது இருக்கிறதா என்று நானும் தள்ளிப் பார்க்கிறேன். இருப்பதில்லை. அப்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அந்த மவுஸை எடுத்துச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வைக்கிறேன். அது இன்னும் நன்றாகவே சுற்றுகிறது.

காரியத்தன்று டைப்பிஸ்ட் சாரின் மகளும் அப்படித்தான் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். ரப்பர் பேண்டை ஒழுங்காக மாட்டி என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏண்ணா, கீபோர்டுல கீழ போறதுக்கு அம்புக்குறி போட்ட பட்டனு ஒண்ணு இருக்குமே" என்றாள். "அப்பாவும் டைப்பிஸ்டு, நீங்களும் கம்ப்யூட்டர் படிச்சவரு. ரெண்டு பேருல ஒருத்தருக்குக் கூடவா தோணல?"