வில்ஃப் கரோடை யார் தேடுவது?

எங்கள் கடல்மீட்புப் படையின் வரலாறு புத்தகமாக வந்துவிட்டது. எழுதியவர் லாசெல்ஸ், மேசையைவிட்டு எழாமலே இரண்டாம் உலகப் போரைக் கழித்த எங்கள் நிர்வாக அதிகாரி. நூற்றறுபது பக்கங்களில் வில்ஃப் கரோடுக்கு ஒரு வரி கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து நடை வராது, கோபம்தான் வரும்.

வில்ஃப் இங்கிலாந்தின் சஃபோக் கரையில் ஹெர்ரிங் மீன் பிடித்தவன். படையில் வால்ரஸ் விமானத்தில் வயர்லெஸ் பார்த்தான். தண்ணீரிலும் இறங்கும் கிழட்டு விமானம் அது. கடலில் விழுந்து கிடப்பவர்களைக் கொக்கிக் கழியால் இழுத்து ஏற்றுவதும் அவன் வேலை. அவர்கள் குடித்த உப்புத்தண்ணீரையெல்லாம் அவன் மேல்தான் கக்குவார்கள். நான் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி பார்த்தேன். கிளம்பும்போதெல்லாம் ஜன்னலைத் தட்டி, "அம்மணி, என் டீயை ஆறவிட்றாத" என்பான்.

நாற்பத்து மூன்று அக்டோபரில் ஒரு காலை, குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து, அதன் ஆட்கள் ஐந்து பேர் ரப்பர் படகில் மிதந்தார்கள். விமானி பெல்ஹாம் வால்ரஸை இறக்கினார், வில்ஃப் ஐவரையும் ஏற்றினான். பாரம் தாங்காமல் விமானம் எழவில்லை. இப்படி ஆனால் தண்ணீரிலேயே ஊர்ந்து கரைக்கு வந்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று ஒருவனுக்கு வயிற்றில் காயம், ரத்தம் நிற்கவில்லை. துப்பாக்கி, நங்கூரம் எல்லாவற்றையும் கடலில் வீசியும் போதவில்லை. வில்ஃப் அந்த ரப்பர் படகில் இறங்கிக்கொண்டான்.

"நீங்க கெளம்புங்க சார். நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?" என்றானாம்.

வால்ரஸ் அடிவயிறு கிழிந்து வந்து சேர்ந்தது. வழக்கம்போல மீண்டவர்களுக்கு ரம் ஊற்றி, கரும்பலகையில் 'ஐந்து' என்று எழுதிக் கைதட்டினார்கள். வில்ஃப் இன்னும் கடலில் கிடக்கிறான் என்று பெல்ஹாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வேறு விமானம் அனுப்பச் சொல்லி நான் லாசெல்ஸிடம் ஓடினேன். அவர் கோப்பு ஒன்றைப் புரட்டினார்.

"எந்த விமானம்மா விழுந்துச்சு?"

"விமானம் விழல சார். ஆளு கெடக்கான்."

"விழுந்த விமானத்தோட நம்பர் இல்லாம தேடச்சொல்லி உத்தரவு போட முடியாது. நம்ம வால்ரஸ்தான் பத்திரமா வந்துடுச்சே!"

பத்திரமாம்! அடுத்தவர்களைத் தேடித் தேடியே பேர் வாங்கிய படை, தன் ஆளைத் தேட நம்பர் கேட்டது. அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

துறைமுகத்துக்குத் தொலைபேசி போட்டேன். வில்ஃப் முன்பு வேலை பார்த்த படகின் சொந்தக்காரர் தர்ட்டில் எடுத்தார். இடத்தைச் சொன்னேன்.

"அது கண்ணிவெடி போட்ட பக்கம்மா."

"அங்கதான் கெடக்கான் உங்க ஆளு."

"சனியன் புடிச்ச பய! எங்கிட்ட இருந்தப்பவும் இப்படித்தான், யாரும் போகாத எடத்துக்குத்தான் போவான். வையி போனை."

மதியமே மூடுபனி இறங்கியது. தர்ட்டில் மறுநாள் பகலில்தான் அவனைக் கொண்டுவந்தார். குளிரில் அழுகிப்போனதால் இரண்டு கால்களிலும் விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வெளியாளிடம் இடத்தைச் சொன்னதற்காக எனக்கு இரண்டு வாரம் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை. கையெழுத்துப் போட்டவர் லாசெல்ஸ். அதற்கு மட்டும் எந்த நம்பரும் தேவைப்படவில்லை.

ஆடும் படகில் இனிக் காலூன்றி நிற்க முடியாத வில்ஃப், சந்தையில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் விற்றான். போன மாதம் படையின் விருந்துக்கு இருவரும் போனோம். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். மீன்வாடை போகாத விரலால் அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தான். 'மீட்கப்பட்டோர் ஐவர். இழப்பு இல்லை. அனைவரும் திரும்பினர்.'

புத்தகத்தோடு லாசெல்ஸ் மேசைக்குப் போனான்.

"சார், எல்லாரும் திரும்பிட்டாங்கன்னு போட்டிருக்கு. அப்ப என்னைத் தேட நீங்க எப்பதான் உத்தரவு போட்டீங்க?"

மேசை முழுக்கச் சிரித்தது. லாசெல்ஸும் சிரித்து, அந்தப் பக்கத்திலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகும் வில்ஃப் ஊன்றுகோலைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். பதிலுக்காகக் காத்திருந்தான்.