லைட்டுக்கு இரண்டு பக்கம்

என் தங்கையின் மருமகள் வடநாட்டுப் பெண். பெங்களூரில் திருமணம் முடிந்தபின் முதன்முறையாகத் தங்கை வாழும் மலையூரான மன்னவனூருக்கு வரவிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. தங்கைக்கோ எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலம். மகன் இடையில் நின்று மொழிபெயர்ப்பதைத் தங்கை விரும்பவில்லை. இரண்டு நாள் ஊமையாய் உட்கார்ந்திருக்க நேர்ந்தால், அந்தப் பெண் மறுபடி இந்த மலையேறி வரமாட்டாள் என்பதே அவள் அச்சம். ஆகவே நாலு வார்த்தை ஆங்கிலம் கற்றுத்தரச் சொல்லி, செண்பகனூரில் இருந்த என்னைத் தொலைபேசியில் பிடித்தாள்.

நான் வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவன்; எதையும் முறையாகத் தொடங்க வேண்டும் எனக்கு. அவள் நாவில் ஏற்கெனவே புழங்கும் சொல்லாக இருக்கட்டும் என்று ‘லைட்’டைத் தேர்ந்தேன். ஒளி, விளக்கு, பற்றவைத்தல், கனமின்மை, வெளிர்நிறம், அயர்ந்துபோகாத உறக்கம், வயிற்றுக்கு எளிய உணவு, பறவை கிளையில் வந்தமர்தல் என்று எழுதியதில் இரண்டு பக்கம் நிறைந்தது. நாம் எட்டுச் சொல் வைத்திருக்கும் இடத்தில் ஆங்கிலேயன் ஒன்றைக் கொண்டே குடித்தனம் நடத்துகிறானே என்று சற்றுப் பெருமிதமும் கொண்டேன்.

தொலைபேசியில் படித்துக் காட்டியபோது தங்கை பொறுமையிழந்தாள்.

“ஒத்த வார்த்தைக்கு ரெண்டு பக்கமா? அண்ணே, அவ வந்து, புள்ளையும் பெத்து, அது பள்ளிக்கூடம் போற வரைக்கும் நாம லைட்டையே தாண்ட மாட்டோம்.”

“அடிப்படை சரியா இருக்கணும்மா.”

“நான் என்ன கட்டடமா கட்டப் போறேன்? வெரசா நாலு பேச்சுப் பேசணும். சோலி கெடக்கு, வைங்க.”

மருமகள் வந்த அன்று நானும் சென்றேன். மகனும் தகப்பனும் உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் மருமகள் நாற்காலியின் நுனியில் இருந்தாள். தங்கை வாயைத் திறப்பதும் என்னைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மௌனத்துக்கு வழிவிடக்கூடாதென்று நானே பிழையற்ற ஆங்கிலத்தில் குளிரைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண் பிழையற்ற ஆங்கிலத்தில் விடை சொன்னாள். அத்துடன் பேச்சு முடிந்தது.

“அண்ணே, கொஞ்சம் வெளிய போயி இருங்க,” என்றாள் தங்கை. “நீங்க இருக்கவும் எனக்குத் தப்பாப் பேச வரமாட்டேங்குது.”

வாசலில் போய் நின்றேன். உள்ளே, விதைக்கென்று வைத்திருந்த மலைப்பூண்டைத் தங்கை தரையில் கொட்டும் ஓசை கேட்டது. உட்பருப்பு வற்றிய பூண்டைக் கண்ணால் கண்டறிய இயலாது. கையில் தூக்கினால்தான் தெரியும். அவற்றைக் கழித்துவிட்டே நடுவார்கள். சன்னல் வழியே பார்த்தேன். மருமகளையும் தரையில் உட்காரவைத்து, அவள் உள்ளங்கைகளில் கைக்கொரு பூண்டை வைத்தாள்.

“திஸ் லைட். நோ குட். திஸ் நோ லைட். குட்டு!”

அந்தப் பெண் கண்ணை மூடிக் கைகளை ஏற்றியிறக்கி, ஒன்றை நீட்டினாள். “லைட்?”

“அய்யோ, அது நல்ல பூண்டு தாயி! வெரி குட்டு! போடு இந்தப் பக்கம்.”

சிரிப்பொலி கேட்டது. பிறகு கேட்டவற்றில் எது தமிழ், எது ஆங்கிலம், எது இந்தி என்று என்னால் பிரித்தறியக் கூடவில்லை. தங்கை தன் மாமியாரைப் பற்றிக்கூட ஏதோ புறம் சொன்னாள்; அதற்கும் அந்தப் பெண் சிரித்தாள்.

பொழுது சாயும் வேளையில் தங்கை கதவருகே வந்தாள். கையெல்லாம் பூண்டுத் தோல்.

“அண்ணே, இவ இன்னும் நாலு நாளு இருக்காளாம். மகன் மட்டும் போறான். நீங்க பஸ்ஸ விட்டுறாதீங்க.”

பேருந்தைப் பிடிக்க நடந்தேன்.